பழைய நூல்களும் போரின் சாட்சியமும்

வரலாற்று நூல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காலங்கள் உண்டு. அது எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகின்றதோ அஃது ஒன்று. எந்தக் காலத்தில் அச்சேறியதோ அது மற்றொன்று. புதிய நூலை வாங்குவோர் இரண்டாவது காலத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. பழைய புத்தகக் கடைகளில் தேடியலைவோருக்கோ அதுவே முதற் கவலையாதல் வேண்டும். அதிலும், ஜெர்மனியின் அண்மைக்கால வரலாற்றையும் இரு உலகப் போர்களையும் பற்றிய நூல்களைச் சேகரிப்போர் இதனை மறந்தால், பணத்தை மட்டுமன்றி உண்மையையும் இழக்க நேரிடும்.

இத்துறை நூல்களுக்கு நம் நாட்டில் என்றும் பஞ்சமிருந்ததில்லை. சென்னையில் மூர் மார்க்கெட் 1985 மே 30-ஆம் நாள் தீக்கிரையாகும் வரை, பழைய நூல்களைத் தேடுவோருக்கு அது புகலிடமாக விளங்கியது. அதன் பின்னரும் நடைபாதைக் கடைகளில் போர்த்தலைவர்களின் நினைவுக் குறிப்புகளும், கப்பற்போர்க் கதைகளும், ஹிட்லரைப் பற்றிய தடித்த நூல்களும் அருகருகே கிடக்கின்றன. அவற்றுள் மெய் எது, பாதி மெய் எது, பொய் எது என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். நாமே கண்டறிதல் வேண்டும்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியிலிருந்தே தொடங்குவோம். வல்லவனை, தந்திரக்காரனை 'எம்டன்' என்று அழைப்பது தமிழ்நாட்டு வழக்கு. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயரே அது. அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி, எம்டனைச் சிதைத்தொழித்தது. அவ்வேளையில் தந்தி நிலையத்தை அழிப்பதற்காகக் கரையிறங்கியிருந்த ஒரு சிறு படையினர், ஹெல்முத் ஃபான் முக்கே என்பாரின் தலைமையில், அத்தீவிலிருந்த பாய்மரக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றித் தப்பினர். அக்கப்பலின் பெயர் 'ஆயிஷா'. பின்னர் வேறொரு கப்பலுக்கு மாறி, 1915 ஜனவரியில் யமன் நாட்டின் ஹுதைதா அருகே கரையேறினர். அரபுப் பாலைவனத்தில் தாக்குதல்களைத் தாங்கி, ஹிஜாஸ் இரயில் பாதையை அடைந்து, அதன் வழியே இஸ்தான்பூல் போய்ச் சேர்ந்தனர்.

இந்த வரலாற்றை முக்கே 'எம்டன்', 'ஆயிஷா' என்னும் இரு நூல்களாக 1915-லேயே வெளியிட்டார். ஆயிஷா என்ற பெயரைப் பழைய நூலொன்றின் முதுகில் காணும் நம்மவர் கை தானாகவே அதனை எடுக்கும். எடுக்கத்தான் வேண்டும், சுவை மிக்க நூல் அது. ஆனால் அதனை அச்சிட்ட காலம் போர் உச்சத்திலிருந்த காலம் என்பதை மறத்தலாகாது. வீரத்தைச் சொல்வதும், சொந்த நாட்டு மக்களின் ஊக்கம் குன்றாமற் காப்பதும் அன்று ஒரே பணியாக இருந்தன. அதே முக்கே பிற்காலத்தில் போரை எதிர்த்துப் பேசுபவராக மாறினார் என்பதை அந்நூல் எங்ஙனம் சொல்லும்?

எம்டனோடு நாமும் ஒரு கதையை இணைத்து வைத்துள்ளோம். விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்து சென்னையைத் தாக்க வழிகாட்டினார் என்பது அது. பல தமிழ் நூல்கள் இதனைத் திரும்பத் திரும்பச் சொல்லியுள்ளன. ஆயின், எம்டன் சீனக் கடற்கரையிலிருந்து புறப்பட்டு இந்துமாக்கடலில் திரிந்த மாதங்களில் செண்பகராமன் ஐரோப்பாவில் இருந்தார். சூரிக் நகரில் இந்திய விடுதலைக்காக அமைப்பு நடத்தி, பின்னர் பெர்லினுக்குச் சென்றார். அவர் ஆற்றிய தொண்டு பெரிது. அதற்குப் பெருமை சேர்க்க அவரை ஏறாத கப்பலில் ஏற்ற வேண்டியதில்லை. பல நூல்கள் சொல்லிவிட்டன என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியனவாகவும் இருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய நூல்களுக்கு வருவோம். தோற்ற நாட்டின் இரகசிய ஆவணங்கள் ஐம்பது ஆண்டுகள் பெட்டிக்குள் கிடப்பதே உலக வழக்கம். ஜெர்மனியின் நிலை வேறு. அதன் வெளியுறவுத் துறையின் ஆவணங்கள் மட்டும் 485 டன், எரிக்கப்படவிருந்த தறுவாயில் ஹார்ஸ் மலைப் பகுதியில் அமெரிக்கப் படையினரிடம் சிக்கின. அதனாலேயே ஆலன் புல்லக் 1952-லும், பெர்லினில் செய்தியாளராக இருந்த வில்லியம் ஷைரர் 1960-லும் ஹிட்லர் ஆட்சியின் வரலாற்றை விரிவாக எழுத முடிந்தது. புல்லக் தமது நூலை 1962-இல் திருத்தி வெளியிட்டார். எனவே அந்நூல் கையில் அகப்பட்டால் அது எந்தப் பதிப்பு என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும்.

வென்றவர்களின் பெட்டிகளோ அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. ஜெர்மனியின் 'எனிக்மா' இரகசியக் குறியீட்டைப் பிரிட்டிஷார் உடைத்துப் படித்து வந்த செய்தி 1974-இல்தான் ஆங்கிலேய வாசகருக்குப் பரவலாகத் தெரியவந்தது. அதற்கு முன் அச்சான ஆங்கிலப் போர்வரலாறுகளில், தளபதிகளின் வெற்றிகளுக்குக் காரணம் அவர்தம் மதிநுட்பம் என்றே எழுதியிருக்கக் காணலாம். சர்ச்சில் 1948 முதல் எழுதி வெளியிட்ட ஆறு பாகங்களும் இதற்கு விலக்கல்ல. போரின் கொடுமைகளிலிருந்து இந்திய மக்கள் நன்கு காக்கப்பட்டனர் என்னும் கருத்தும் அவ்வரலாற்றில் உண்டு. 1943-இல் வங்கத்தில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பஞ்சத்தாலும் நோயாலும் மாண்டனர் என்பதை அறிந்த நாம், அப்பக்கங்களை எவ்வாறு படிப்பது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதல் உலகப் போர்க்காலத்தில் பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் என்னுமிடத்தில் 'பிறைநிலா முகாம்' என்றொரு கைதிகள் முகாம் இருந்தது. பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளில் சேர்ந்து போரிட்டுச் சிறைப்பட்ட முஸ்லிம்களும் இந்தியர்களும் அங்கு வைக்கப்பட்டனர். அவர்களைத் தம் பக்கம் ஈர்க்க விரும்பிய ஜெர்மானியர் 1915-இல் அங்கே மரத்தாலான ஒரு பள்ளிவாசலைக் கட்டிக் கொடுத்தனர். போர் முடிந்த சில ஆண்டுகளில் அது இடிக்கப்பட்டது. தளபதிகளின் நினைவுக் குறிப்புகளில் இக்கைதிகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் அவர்களுட் சிலரின் குரல்களை ஜெர்மானிய அறிஞர்கள் அன்றே ஒலித்தட்டுகளிற் பதிந்தனர். அவை பெர்லினில் இன்றும் காக்கப்படுகின்றன.

நேரில் கண்டவர் எழுதியது என்பதும் முழு உறுதியன்று. ஹிட்லரின் அமைச்சராயிருந்த ஆல்பர்ட் ஸ்பீர் 20 ஆண்டுச் சிறைக்குப்பின் 1969-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள் உலகெங்கும் விற்றன. யூதப் படுகொலையைத் தாம் அறியவில்லை என்று அவர் சாதித்து வந்தார். 1943 அக்டோபரில் ஹிம்லர் அப்படுகொலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய போசன் கூட்டத்தில் தாம் இருந்ததை ஒப்புக்கொண்டு 1971-இல் அவரே எழுதிய கடிதம் 2007-இல் வெளிவந்தது. 1983-இல் 'ஸ்டெர்ன்' இதழ் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய 'ஹிட்லரின் நாட்குறிப்புகள்' இன்னொரு பாடம். ஹிட்லரின் இறுதி நாட்களை ஆராய்ந்து புகழ்பெற்ற ட்ரெவர் ரோப்பரே அவற்றை முதலில் மெய்யென்றார். தாளையும் கட்டுமானத்தையும் சோதித்தபோதோ, அவை போருக்குப் பிந்திய பொருள்களால் ஆனவை என்பது சில நாட்களிலேயே வெளிப்பட்டது.

இவற்றினும் ஆபத்தானது, மெய்யான ஆவணங்களை அடிக்குறிப்பில் அடுக்கிப் பொய்யை நிலைநாட்டும் நூல். டேவிட் இர்விங் 1977-இல் எழுதிய 'ஹிட்லரின் போர்' அத்தகையது. அவரே தொடுத்த அவதூறு வழக்கில், அவர் சான்றுகளை வேண்டுமென்றே திரித்தார் என்று 2000-ஆம் ஆண்டு இலண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நூல் பழைய கடைகளில் இன்னும் கிடைக்கிறது. அத்தீர்ப்பு அதனுடன் சேர்த்துத் தைக்கப்பட்டிருப்பதில்லை.

இவ்விடத்தில் நம்மவர் சிலரிடம் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். 1948-இல் பாலஸ்தீன மக்கள் வீடும் நிலமும் இழந்தனர். அவர்தம் துயரை எண்ணி நெஞ்சம் வேகாதார் நம்மில் இல்லை. அவ்வேதனையின் காரணமாக, ஹிட்லர் ஆட்சியில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டதை மறுக்கும் நூல்களை ஆவலோடு வாங்குவோரும் உளர். அப்படுகொலைக்குச் சான்று கொன்றவர்களின் சொந்த ஆவணங்களே. ராவுல் ஹில்பெர்க் 1961-இல் வெளியிட்ட பெருநூல் அவற்றைக் கொண்டே எழுதப்பட்டது. ஒரு மக்களின் துயருக்கு நீதி கேட்க, இன்னொரு மக்களின் துயரைப் பொய்யாக்க வேண்டியதில்லை. வெறுப்பு நம்மை நீதியினின்றும் பிறழச் செய்யலாகாது என்பது நாம் கற்ற மார்க்கநெறி. நூல்களிடத்தும் அந்நெறி செல்லும்.

1933 மே 10-ஆம் நாள் இரவு, பெர்லின் ஆப்பரா சதுக்கத்தில் மாணவர்கள் ஏறத்தாழ 20,000 நூல்களைத் தீயிலிட்டனர். அன்று வெறுத்தொதுக்கப்பட்ட ஆசிரியர்களுள் யூதராய்ப் பிறந்த கவிஞர் ஹைன்ரிக் ஹைனேயும் ஒருவர். அவர் இளமையில் எழுதிய 'அல்மன்சூர்' என்னும் நாடகம் ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்களின் வீழ்ச்சியைப் பற்றியது. கிரனடாவில் திருக்குர்ஆன் எரிக்கப்பட்டதை எண்ணி வருந்தும் உரையாடல் அதில் வருகிறது. அவ்வுரையாடலின் வரிகளே இன்று அதே சதுக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அருகே, 1995-இல் அமைக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில், நிலத்துக்கடியில் வெற்றுப் புத்தக அடுக்குகள் மட்டுமே உள்ளன.

நம் இல்லங்களில் அடுக்குகள் வெறுமையாக இல்லை. பழைய நூல்களை வாங்குவோம். பிள்ளைகள் கையிலும் கொடுப்போம். கொடுக்குமுன், அது அச்சான ஆண்டையும், பின்னர் வெளிவந்து அதனைத் திருத்திய உண்மையையும் முதற்பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைப்போம். நமக்குப் பின் அந்நூலைத் திறப்பவர்க்கு அது பெரிதும் பயன்படும்.