அம்புலிமாமாச் சித்திரங்களும் தோட்டத்துப் பிள்ளைகளும்

மலேசியாவின் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் திசையில், இன்று அடுக்கடுக்கான வீடமைப்புப் பகுதிகளோடு விளங்கும் செண்டாயான், பால்மரத் (ரப்பர்) தோட்டமாக இருந்த காலத்தில், அதன் பிள்ளைகள் கண்ட உலகம் மிகச் சிறியது. லயன் வீடு, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டும் மரநிரை, பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு அது முடிந்துவிடும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்கள் பள்ளி நடத்தவேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் எழுத்தறிவை அளித்தது. ஆனால், அவ்வெழுத்தறிவைக் கொண்டு வாசித்து மகிழ வேண்டிய கதைகளோ கப்பலேறி வரவேண்டியிருந்தன.

அப்படி வந்தவற்றுள் பிரதானமானது, நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் சென்னையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய அம்புலிமாமா. ‘பாதாள பைரவி’, ‘மாயா பஜார்’ போன்ற மாயாஜாலத் திரைப்படங்களை எடுத்த அவ்விருவரும், கற்பனைக்குக் கண் வேண்டும் என்பதை நன்குணர்ந்தவர்கள். ஆகையால் சித்திரக்காரரை அவர்கள் கதைக்கு ஏவலாளாக வைக்காமல், அதன் மறுபாதியைச் சொல்லும் ஆசிரியராகவே வைத்தார்கள். ஓவியர் சித்ரா முதலில் வரைந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, கலைமகள் இதழில் பணியாற்றி, 1952இல் வந்து சேர்ந்த சங்கர் ஏறத்தாழ அறுபதாண்டு வரைந்தார்.

சங்கரின் விக்கிரமாதித்தன் சித்திரத்தைச் சற்றே நிதானித்து நோக்குவோம். உருவிய வாள் கையில். தொங்கும் சவம் தோளில். சூழவும் மயானத்தின் இருட்டு. பயங்கரம் முழுவதையும் பின்னணியில் குவித்துவிட்டு, அரசனின் நடையிலும் நிமிர்ந்த சிரத்திலும் அச்சத்தின் சாயல்கூடப் படாமல் வரைந்தமையால், தைரியம் என்பது யாது என்று கதை சொல்லவேண்டிய அவசியமே இல்லாமற்போயிற்று. கோபுரத்தையும் கோட்டையையும் நேரில் காணாத தோட்டத்துப் பிள்ளைக்கு, ஆபரணத்தின் வேலைப்பாடும் தூணின் சிற்பமும் கோடு கோடாக எழுதப்பெற்ற அப்பக்கங்களே பூர்வீக தேசத்தின் முதல் தரிசனமாயின.

கதைகளுக்கு அதே பாராட்டை முழுமையாக வழங்குதல் இயலாது. அச்சவத்தினுள் இருந்து அரசனுக்குப் புதிர்க்கதை சொல்லும் வேதாளத்தின் மூலக் கதைகள் இருபத்தைந்தே. பத்திரிகையோ பல்லாண்டு நடந்தமையால், எங்கெங்கோ பிறந்த கதைகளையெல்லாம் வேதாளத்தின் வாயில் ஏற்றி, முடிவில் ஒரு புதிரைப் பொருத்தினார்கள். சிலவற்றில் புதிர் இயல்பாய் அமைந்தது. சிலவற்றில் அரசனின் விடையைவிட வாசிக்கும் சிறுவனின் விடையே நியாயமாக இருந்தது. ஆயினும், விடையோடு தர்க்கிக்கும் பழக்கத்தை அக்கதைகள் பயிற்றுவித்ததால், அக்குறையும் ஓரளவு குணமாகவே முடிந்தது. மன்னிக்கத் தகாத குறை வேறொன்று: அரசகுமாரனும் மந்திரவாதியும் விறகுவெட்டியும் உலவிய அக்கற்பனை ராஜ்யத்தில், பால்மரம் வெட்டும் ஒருவனுக்கு இடமே இருந்ததில்லை. அக்குறைக்குச் சென்னைப் பத்திரிகையை நோவது முறையன்று. தம் மண்ணைத் தாமே வரைந்துகொள்ள வேண்டியவர்கள் மலாயாத் தமிழரே.

சங்கர் 2020இல் காலமானார். மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு வழங்கப்பெற்றது. அம்புலிமாமாவும் நின்றுவிட்டது. ஆனால், மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அவற்றின் பிள்ளைகளுக்காக, விடியுமுன் பெரட்டு எடுத்த தோட்டத்தில் ஒரு வேதாளத்தை ஏற்றி, எழுதுவோரும் வரைவோரும் சமபங்காளிகளாய் நின்று ஒரு சித்திரப் புத்தகமேனும் செய்தளிக்க வேண்டும்.