என் மெஷின்ல ஓடுதே!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அடிக்கடி சொன்ன வாக்கியம் இது. என் விண்டோஸில் ஓடிய நிரல் சர்வரின் லினக்ஸில் படுத்துவிட்டது. ஃபைல் பெயரில் முதல் எழுத்து கேப்பிடல், கோடில் ஸ்மால். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. டெஸ்டிங்கில் இருந்த அக்கா ராத்திரி பத்து மணிவரை தேடிக் கண்டுபிடித்தார். அதுவரை நான் வாதாடிக்கொண்டே இருந்தேன்.

1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சனுக்கு ஒரு காலைப்பொழுதே வீணானது. பிழையைத் திருத்திவிட்டார், திருத்திய ஃபைல் மறுபடி கம்பைல் ஆகவில்லை, அவ்வளவுதான். அவருடைய புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அந்த வாரக்கடைசியில் எழுதியதுதான் 'மேக்'. எது மாறியதோ, அதைச் சார்ந்தவற்றை மட்டும் அது மறுபடி கட்டும். ஆனால் பக்கத்துக் கணினியில் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது.

2004இல் சன் நிறுவனத்தில் கோசுகே கவாகுச்சி ஹட்சனை எழுதத் தொடங்கினார். பில்டை அடிக்கடி உடைத்தவர் அவரேதான். மற்றவர்களுக்கு முன் தனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தார். ஆரக்கிளுடனான பெயர்த் தகராறில் 2011இல் அது ஜென்கின்ஸ் ஆனது. இன்று ஒவ்வொரு கமிட்டையும் விண்டோஸிலும் லினக்ஸிலும் தனித்தனியே கட்டிப் பார்க்கும்படி அதை அமைக்கலாம்.

இரண்டுமே தவறை ஒத்துக்கொண்டவர்களால் வந்தவை. அக்காவிடம் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இதை அவருக்குத்தான் முதலில் அனுப்பப் போகிறேன்.