கடிகாரக் கடையில் தொடங்கிய துப்பாக்கி

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831-ல் ஸ்காட்லாந்தின் ஹாயிக் ஊரில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் கனடாவுக்குக் கப்பலேறியவர். ஒன்டாரியோவின் கால்ட் ஊரில் அப்பாவுக்குக் கடிகாரத் தொழில். பையனும் அதையே பழகினான். ஆனால் அவன் மனசு பற்சக்கரங்களில் ஒட்டவில்லை. 12 வயதில், குதிரைவீரர்கள் வைத்திருந்த பழைய கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்து, அக்ரூட் மரத்தில் தானே கட்டை செதுக்கிப் பொருத்தி, தன் முதல் துப்பாக்கியைச் செய்தான். அது ஒழுங்காகச் சுடவில்லை. ஆனாலும் அப்போது பிடித்த பித்து, ஆயுள் முழுக்க அவனை விடவில்லை.

வளர்ந்ததும் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்தார். பிறகு அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கி ஒன்றை லீ வடிவமைக்க, 1865-ல் ராணுவம் 1,000 கார்பைன்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மில்வாக்கியில் நிறுவனம் தொடங்கி வேலையில் இறங்கினார். இடி அங்கேதான் விழுந்தது. குழலின் விட்டம் எவ்வளவு என்பதில் இரு தரப்புக்கும் குழப்பம். செய்த துப்பாக்கிகளை வாங்க முடியாது என்று ராணுவம் கைவிரித்தது. போரும் முடிந்துவிட்டது. வேறொருவர் என்றால் கடிகாரத் தொழிலுக்கே திரும்பியிருப்பார். லீயின் கண்ணோ இன்னொரு சிக்கலின் மேல் விழுந்தது.

அந்தக் காலத்தில், ஒரே நேரத்தில் பல தோட்டாக்களை நிரப்பும் துப்பாக்கிகள் பலவற்றில், குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாய்க்குள் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் முனை, முன்னால் இருப்பதன் அடிப்பக்கத்தை முட்டிக்கொண்டிருக்கும். கூர்முனைத் தோட்டா என்றால் உள்ளேயே வெடிக்கும் அபாயம். நிரப்பவும் நேரமாகும். படுத்திருந்த வரிசையை லீ அடுக்காக மாற்றினார். ஒரு சின்ன உலோகப் பெட்டி, அடியில் ஸ்பிரிங், அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோட்டாக்கள். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால் ஸ்பிரிங் ஒரு தோட்டாவை மேலே உந்தும். முன்னுக்குத் தள்ளினால் அது குழலுக்குள் போய் உட்காரும். 1879-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்கக் கடற்படை கொஞ்சம் வாங்க முன்வந்தது. தயாரிக்க ஏற்றுக்கொண்ட ஷார்ப்ஸ் நிறுவனமோ வேலை முடியுமுன்பே மூடப்பட்டது. ரெமிங்டன் கைகொடுத்தும், அமெரிக்கத் தரைப்படை அதைத் தன் முதன்மைத் துப்பாக்கியாக ஏற்கவில்லை. அருமை தெரிந்தவர்கள் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

அங்கே, பிரிட்டனில், வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு என்ற ரயில்வே பொறியாளர் வேறொரு கணக்கில் மூழ்கியிருந்தார். 1857-ல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே வேலைக்காக வங்காள மாகாணத்து முங்கேருக்கு வந்தவர் அவர். வந்த வருடமே சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது. அன்றைய பழைய என்ஃபீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டா பற்ற வைத்த நெருப்பு அது. முங்கேரின் பாதுகாப்பு வேலையில் உழைத்து உடல் கெட்டு, ஒரு வருடத்தில் ஊர் திரும்பினார். பிறகு குழலின் உள்வரிகளை ஆராய்வதே அவர் வாழ்க்கையானது. கருமருந்தின் கரி ஒட்டாதபடி ஆழமில்லாத, விளிம்பு மழுங்கிய வரிகளை வகுத்தார். லீயின் பெட்டியும் மெட்ஃபோர்டின் குழலும் சேர, 1888-ல் பிரிட்டிஷ் ராணுவம் லீ-மெட்ஃபோர்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கூட்டுக்கு ஆயுள் கம்மி.

கருமருந்தின் இடத்துக்குப் புகையில்லாத கார்டைட் வந்தது. அதன் சூட்டில் மெட்ஃபோர்டின் மென்வரிகள் சீக்கிரமே அரித்துப்போயின. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டிலிருந்த அரசுத் தொழிற்சாலை ஐந்து ஆழமான வரிகளை வெட்டிப் பார்த்தது. அது தாங்கியது. 1895-ல் மெட்ஃபோர்டின் பெயர் போய் லீ-என்ஃபீல்டு பிறந்தது. 1903-ல் குன்னூருக்குப் பக்கத்தில், அருவங்காட்டில் எழுந்த தொழிற்சாலை தயாரித்ததும் அதே கார்டைட்தான். அதற்குள் புதுத் துப்பாக்கிக்குத் தென்னாப்பிரிக்காவில் பெரும் சோதனை வந்திருந்தது.

1899-ல் தொடங்கிய போயர் போரில் எதிராளிகளான போயர்களின் கையில் ஜெர்மனியின் மௌசர். ஐந்து தோட்டாக்களை ஒரே பட்டையில் கோத்து ஒரே அழுத்தில் இறக்கினார்கள். பிரிட்டிஷ் சிப்பாயின் பெட்டியில் பத்துக்கு இடம் இருந்தும், ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். அடிபட்டபின் புத்தி வந்தது. பட்டையோடு நிரப்பும் வசதி சேர்ந்தது. காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் பொதுவாக, 25 அங்குலக் குழலுடன் 1903-ல் குட்டை வடிவம் வந்தது. 1907-ல் அதன் மூன்றாம் மார்க், அதாவது மூன்றாம் வடிவம். அப்படியும் மேலிடத்துக்குத் திருப்தி இல்லை. மௌசர் பாணியில் வேறொரு துப்பாக்கியைச் செய்து, 1913-ல் படைகளிடம் சோதனைக்கே கொடுத்துவிட்டார்கள். லீயின் துப்பாக்கியை வழியனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

1914-ல் உலகப் போர் மூண்டது. நடுப்போரில் துப்பாக்கி மாற்ற எந்த அரசாலும் முடியாது. வழியனுப்ப இருந்ததையே லட்சக்கணக்கில் செய்து குவித்தார்கள். நிமிடத்துக்குக் குறிபார்த்து 15 தடவை சுடப் பழகிய சிப்பாய்கள் அதன் பெயரை நிலைநாட்டினார்கள். கல்கத்தாவுக்கு வடக்கே இஷாப்பூரிலும் உற்பத்தி நடந்தது. அந்தப் பெருமையின் மேல் அழியாத கறை 1919 ஏப்ரல் 13 அன்று விழுந்தது. ஜாலியன்வாலா பாகில் நிராயுதபாணி மக்கள்மேல் 1,650 தடவை சுட்டது இதே துப்பாக்கி.

ஆண்டவர்கள் 1947-ல் போனார்கள், துப்பாக்கி போகவில்லை. 0.303 அங்குலக் குழல் விட்டமே அதன் பெயராகி, காவல் நிலையத்திலும் வாக்குச்சாவடியிலும் காவலர் தோளில் தொங்கிய ‘த்ரீ நாட் த்ரீ’ அதுதான். 1962 சீனப் போருக்குப் பின் இஷாப்பூர் அதையே உறுதியான எஃகில், 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்றபடி செய்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தன்றுதான் 303-க்கு விடைகொடுத்தது.

இத்தனை திருப்பங்களும் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கின்றன. போல்ட் பிடிக்குக் கீழே, கட்டை சேரும் இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தில் கிரீடம். அதன் கீழ் வி.ஆர். என்றால் விக்டோரியா காலம், ஈ.ஆர். என்றால் எட்வர்டு, ஜி.ஆர். என்றால் ஜார்ஜ். அடுத்து தொழிற்சாலை, ஆண்டு, மார்க். மூன்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால், போர் அவசரத்தில் சில பாகங்களைக் குறைத்து 1916 முதல் செய்த வகை. ஜி.ஆர்.ஐ. இஷாப்பூருக்குரியது. டி.பி. என்று அடித்திருந்தால் பயிற்சிக்கு மட்டும், சுடவே கூடாது.

இந்தியாவில் 303 தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். அதனால் வீடுகளில் தாத்தா சொத்தாக வருவது பெரும்பாலும் அதே அமைப்பில் இஷாப்பூர் செய்த .315. உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் துப்பாக்கி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கப்பட வேண்டும். வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்கிய பிறகே அது வீடு திரும்பும்.

ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் உலகெங்கும் முதலில் பார்ப்பது போல்ட்டின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றா என்பதைத்தான். அடுத்து, மரக்கட்டை வெட்டப்படாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேட்டைக்காக முன்கட்டையை அறுத்ததும், உப்புத்தாளால் தேய்த்து முத்திரையை மழுக்கியதும் விலையில் பெரும்பகுதியை இழந்துவிடும். நிறம் மங்கி, கீறல் விழுந்து, எண்ணும் முத்திரையும் அப்படியே இருக்கும் துப்பாக்கிக்குத்தான் மதிப்பு அதிகம்.