சீனி எங்கே போயிற்று?

நீரில் இட்ட சீனி சிறிது நேரத்திற் கண்ணுக்குப் புலப்படாது போகின்றது. அது எங்கே போயிற்று? ஜெனீவாவிற் பியாசேயும் இன்ஹெல்டரும் சிறுவரிடம் இவ்வினாவை எழுப்பினர். 1941 இல் வெளிவந்த அவர்களது நூல் காட்டும் படிமுறை நமது கவனத்திற்குரியது. மிக இளைய சிறுவருக்குச் சீனி அழிந்துபோன ஒன்று. நீரில் எஞ்சுவது சுவை மட்டுமே. ஏழெட்டு வயதளவில் அது நீரிலேயே இருக்கின்றது என்பர். அதற்கு நிறை உண்டென ஏற்க மேலும் ஏறத்தாழ ஈராண்டுகள் செல்லும். அது இடத்தை அடைத்துக்கொள்கின்றது என்பதைப் பதினொன்று, பன்னிரண்டு வயதளவிலேயே உணர்வர். கரைந்த சீனி கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளாக உள்ளதென்று சிறுவர் சிலர் தாமாகவே விளக்கியமையும் அந்நூலிற் பதிவாகியுள்ளது.

ஆயினும், நுண்மணிகளை ஏற்பது வேறு. அவற்றிடையே ஒன்றுமே இல்லை என ஏற்பது வேறு. இஸ்ரேலிய ஆய்வாளரான நோவிக்கும் நுஸ்பாமும் 1978 இல் வெளியிட்ட ஆய்வில், குடுவையொன்றிலிருந்து வளியின் ஒரு பகுதி அகற்றப்பட்டது; எஞ்சிய வளியை வரையுமாறு மாணவர் கேட்கப்பட்டனர். துணிக்கைகளை வரைந்தவருள்ளும் பலர் இடைவெளியை வெறுமையாக விட விரும்பவில்லை. அங்கே தூசியோ வேறு வாயுவோ இருக்கவேண்டும் என்றனர்.

இதனை வெறும் அறியாமையெனத் தள்ளிவிடலாமா? டிமோகிறிற்றஸ் கூறிய வெற்றிடத்தை அரிஸ்ரோட்டில் மறுத்தார். அம்மறுப்பு ஐரோப்பியச் சிந்தனையிற் பல நூற்றாண்டுகள் செல்வாக்குற்றிருந்தது. 1808 இல் தோல்ற்றன் தமது அணுக்கொள்கையை நூலாக வெளியிட்ட பின்னரும் ஐயம் நீங்கவில்லை. இரசாயன அறிஞரான ஒஸ்வால்ட் அணுவின் இருப்பை ஏற்றுக்கொண்டமை 1909 அளவிலேயே. பெரனின் பரிசோதனைகள் அதற்குத் துணைபுரிந்தன.

சிறுவன் ஒரு சிற்றுருவ அரிஸ்ரோட்டில் என்று நாம் கூறவில்லை. அரிஸ்ரோட்டிலின் மறுப்பு தருக்கத்தின் வழி வந்தது; சிறுவனின் மறுப்போ கண்டதும் தொட்டதுமான அன்றாட அனுபவத்தின் வழி வருவது. ஆனால் இருவருக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு: தக்க சான்றின்றி எவரும் தமது பழைய கருத்தைக் கைவிடுவதில்லை. அறிஞர் உலகம் சான்று கேட்டது. அதற்கு நூறாண்டு அவகாசமும் பெற்றது. மாணவனுக்கோ ஒரு பாடவேளையில் வரைவிலக்கணம் ஒப்புவிக்கப்படுகின்றது. பரீட்சையில் அவன் அதனைத் திருப்பித் தருகின்றான். அவனது ஐயம் கேட்கப்படாமலே போகின்றது. அறிஞருக்கு வழங்கிய உரிமையை அவனுக்கு மறுக்கும் கல்வியை அறிவியற் கல்வியென நாம் எவ்வாறு கொள்வது?