ஒத்திவைத்த ஓராண்டு யார் கணக்கில்? அமெரிக்கக் கல்லூரித் திடலும் கோலா கெத்தில் புகுமுக வகுப்பும்

கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு சேரும் இடத்தில் இருக்கிறது கோலா கெத்தில். மலேசியாவில், கெடா மாநிலத்தின் பாலிங் மாவட்டத்திலுள்ள இந்த வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்களோடு தமிழ்ப்பள்ளிகளும் வளர்ந்தன. பத்து பெக்காக்கா, பேடனோக் போன்ற தோட்டப் பள்ளிகளில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளைகளில் பலர் நேராக முதலாம் படிவத்துக்குப் போகவில்லை. இடையில் ஓராண்டைப் புகுமுக வகுப்பில் கழித்தார்கள். கல்வி ஆய்வுகள் அந்த ஓராண்டை மொழிச் சிக்கலாகவே பார்க்கின்றன. பந்தாடும் பையனுக்கு அது என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு ஒப்பீடாக அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தின் ‘ரெட்ஷர்ட்’ விதியை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஓராண்டைத் தள்ளிப்போடுவது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது.

முதலாண்டு மாணவரை ஆடவிடலாமா என்ற வழக்கு அமெரிக்காவில் நூறாண்டைத் தாண்டியது. பின்னாளில் ‘பிக் டென்’ எனப் பெயர்பெற்ற கூட்டமைப்பு 1906இல் முதலாண்டினரை விலக்கியது. ஒருவர் மூன்று பருவங்களே ஆடலாம் என்றும் வரம்பு கட்டியது. படிக்க வராமல் பந்தாட மட்டும் வந்து போகும் ஆட்களைத் தடுப்பதே நோக்கம். போர்க்காலங்களில் ஆள் குறைந்தபோது விலக்குத் தளர்ந்தது. 1937இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வாரன் ஆல்ஃப்சன், தனக்கு முன்னே அனுபவசாலிகள் பலர் நிற்பதைக் கண்டு, அந்தப் பருவம் பயிற்சி மட்டும் செய்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். பயிற்சியில் எண் இல்லாத சிவப்புச் சட்டை அணிந்ததால் ‘ரெட்ஷர்ட்’ என்ற பெயர் வந்தது என்பார்கள். 1940இல் அவர் அனைத்து அமெரிக்க அணிப் பட்டியலில் இடம்பெற்றார்.

முதலாண்டினர் தேசிய அளவில் காற்பந்து ஆட 1972இல் அனுமதி கிடைத்த பிறகுதான் இந்த உத்தி அவர்கள் பக்கம் திரும்பியது. கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள், அவற்றுக்குள் நான்கு பருவங்கள் என்பது கணக்கு. 18 வயதுப் பையன் 22 வயதுக்காரரை மோதித் தள்ள வேண்டிய ஆட்டத்தில், மிஞ்சும் அந்த ஓராண்டு உடம்பு தேறுவதற்கு உதவுகிறது. உதவித்தொகை ஐந்தாம் ஆண்டுக்கும் நீண்டால் பட்டமும் கைக்கு வரும். ஆனால் 2018 வரை விதி கடுமையாக இருந்தது. கடுமையான காயம் போன்ற விலக்குகள் தவிர, ஒரே ஒரு முறை களமிறங்கினாலும் ஒரு பருவம் போனதுதான். நவம்பரில் மூத்த ஆட்டக்காரர் அடிபட்டு விழுந்தால், முதலாண்டுப் பையனை எஞ்சிய இரண்டு ஆட்டங்களுக்காகப் பலிகொடுப்பதா என்று பயிற்றுநர் தவிக்க வேண்டியிருந்தது. முடிவு பெரும்பாலும் அவருடையது, இழப்பு பையனுடையது.

2018இல் வந்த திருத்தம், நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் பருவம் கழியாது என்றது. இளையோர் நலனுக்கென்று வந்த விதியை அந்த ஆண்டே மூத்தவர் ஒருவர் கையிலெடுத்தார். கிளெம்சன் அணியில் முதலாண்டுக்காரரான டிரெவர் லாரன்சிடம் தொடக்க இடத்தை இழந்த கெல்லி பிரையண்ட், நான்கு ஆட்டங்களோடு விலகி, மீந்த பருவத்தை மிசூரி பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். யாருடைய ஆண்டு என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

இனி கோலா கெத்தில். 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும், அரசு உதவி பெறும் இடைநிலைப்பள்ளிகளில் தமிழோ சீனமோ போதனை மொழியாக இருக்க இடம் தரவில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வருபவருக்குப் பாலமாகப் புகுமுக வகுப்பு நின்றது. 1988இல் ஆறாம் ஆண்டு மாணவருக்கு யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தபின், மலாய்மொழித் தாள்களில் தேறியவர்கள் அந்த வகுப்பைத் தாண்டிப் போனார்கள், தவறியவர்கள் அதில் தங்கினார்கள். ஒரு தேர்வுத்தாள் ஒரே தோட்டத்து நண்பர்களை இரண்டு படிவங்களாகப் பிரித்தது.

பள்ளி விளையாட்டுப் போட்டிகளோ படிவத்தைப் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டைப் பார்க்கின்றன. மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றத்தின் (எம்.எஸ்.எஸ்.எம்.) காற்பந்தில் 15 வயதுக்கு உட்பட்டோர், 18 வயதுக்கு உட்பட்டோர் என்பவை முக்கியப் பிரிவுகள். புகுமுக வகுப்பு மாணவர் இரண்டாம் படிவத்திலேயே 15ஐ எட்டிவிடுவார். மூன்றாம் படிவத்தில் வகுப்புத் தோழர்கள் இளையோர் அணியில் ஆட, இவர் 16 வயதில் பெரியவர்களோடு மோத வேண்டும். நெப்ராஸ்காவில் உடம்பு தேற வாங்கிய ஓராண்டு, இங்கே அணி விஷயத்தில் ஒன்றும் தரவில்லை. அந்த ஆண்டை யாரும் கேட்டு வாங்கவுமில்லை. பிறப்பைத் தாமதமாகப் பதிந்த குடும்பங்களில் சிக்கல் இன்னும் முன்னமே தொடங்கிவிடும். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவருக்கு வயதுப் பிரிவே இல்லை.

ஒரு பலன் மட்டும் தற்செயலாகக் கிடைத்தது. அதை யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. நேராக வந்தவர் 17 வயதில் ஐந்தாம் படிவத்தை முடித்து வெளியேறுவார். ஆறாம் படிவத்துக்குப் போனால் ஒழிய, 18 வயதுப் பிரிவின் கடைசிப் பருவம் அவருக்கு இல்லை. புகுமுக வகுப்பில் தங்கியவரோ 18 வயதில் இன்னும் பள்ளிச் சட்டையில் இருப்பார். அணியின் மூத்த, வலுவான ஆட்டக்காரர் அவராக இருக்க வாய்ப்பு உண்டு. இடையில் நின்றுவிடாமல் அதுவரை பள்ளியில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஐந்தாண்டு இடைநிலைப் படிப்பு ஆறாக நீளும் தோட்டக் குடும்பத்தில் அது சிறிய நிபந்தனை அல்ல. அதே ஆண்டில்தான் ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வும் வரும்.