நீதிமன்றம் மூடிய கதவு, நாடகமன்றம் திறந்தது!

2008 நவம்பரில் கலிபோர்னியாவில் வாக்களித்தோருள் நூற்றுக்கு 52 பேர், ஒருபால் இணையர் மணம் செல்லாது என்றனர். பலர் கை தூக்கினால் சிலர் உரிமை சாய வேண்டுமோ? தடையை எதிர்த்த வழக்கில், பிறர் மணத்திற்கு இதனால் விளையும் கேடு யாதென 2009இல் நீதிபதி வாக்கர் வினவினார். தடையை ஆதரித்த வழக்கறிஞர், 'அறியேன்' என்றார்! 2010 சனவரி விசாரணையை ஒளிபரப்பலாகாது என்றது உச்சநீதிமன்றம். வாய்மைக்கு வெளிச்சம் பகையா?

2011 செப்டம்பர் 19 இரவு, நியூயார்க்கின் பிராட்வே அரங்கில், டஸ்டின் லான்ஸ் பிளாக்கின் '8' நாடகம் அச்சாட்சியங்களையே பேசிற்று. மூடிய மன்றத்தின் சொற்கள் மக்கள் மன்றம் ஏறின.

2013இல் கலிபோர்னியாவில் தடை அகன்றது. 2015இல் அமெரிக்கா முழுதும் அவ்வுரிமை மலர்ந்தது. நாம் கொள்ளும் பாடம் ஒன்றே: காரணம் கூறமாட்டாத தடை, சட்டமாயினும் மூடப்பழக்கமே!