காரவள்ளிப் பயணமும் சாரணர் அணியும்



அரையாண்டு விடுமுறையில் நம் பிள்ளைகளைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போவது என்று சென்ற கூட்டத்தில் முடிவாயிற்று. காரவள்ளி அடிவாரத்தில் காலை உணவு, பிறகு 70 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை உள்ளவர்கள் என்பதால், பேச்சாளர் ஒருவரை அமர்த்தித் தலைமைப் பண்புப் பயிற்சியும் கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அதை முடிவு செய்யுமுன் இந்தப் பயிற்சிகளின் பழைய கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1899-ல் தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரைப் போயர் படை சூழ்ந்துகொண்டது. முற்றுகை 217 நாள் நீடித்தது. உள்ளே இருந்த ஆங்கிலத் தளபதி பேடன் பவலிடம் ஆள் பற்றாக்குறை. ஊர்ச் சிறுவர்களிடம் செய்தி கொண்டுபோகும் வேலையைக் கொடுத்தார்கள். முதலில் கழுதை மேல், பிறகு சைக்கிளில் போய்ச் சிறுவர்கள் அதைச் செய்து முடித்தார்கள். பேடன் பவல் அதை மறக்கவில்லை. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கூட்டி முகாம் நடத்தினார். ஈட்டன், ஹாரோ போன்ற பள்ளிகளில் படித்த பணக்காரப் பிள்ளைகளும், உழைப்பாளிகள் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தார்கள். ஓநாய், காளை, அண்டங்காக்கை என்றெல்லாம் பெயர் வைத்து நான்கு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் தலைவன் ஒரு சிறுவன்தான், பெரியவர் அல்ல. சாரணர் இயக்கத்தின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து. சீருடையும் விசிலும் அப்புறம்.

இந்த இயக்கம் 1909-ல் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் வெள்ளையர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பையன்களுக்கு மட்டுமே இடம். நம் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தியிருந்தது. அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலுடன் சேர்ந்து 1916-ல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தனியே தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, பாட்டும் நம் நாட்டுப் பாட்டு. மறு ஆண்டே அரசு அவரைக் காவலில் வைத்தது வேறு விஷயம். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அவருடைய சங்கம் பொது இயக்கத்தோடு இணைந்தது. மாளவியாவும் குன்ஸ்ருவும் அலகாபாத்தில் நடத்திய சேவா சமிதிச் சாரணர்கள் இணையவில்லை. எல்லாம் ஒன்றாகி பாரத சாரணர் இயக்கம் உருவான நாள் 7-11-1950. சாரணியர் மறு ஆண்டு சேர்ந்தார்கள்.

கல்லூரிகளுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது காந்தி நூற்றாண்டையொட்டி 24-9-1969-ல். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. கொல்லிமலை அடிவாரத்தில் நான் கிளை ஒன்றில் எழுத்தராக இருந்த நாளில், முகாமுக்கு வந்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி மலையிலிருந்து இறங்கி வரும் பெண்களுக்குப் பணம் எடுக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தாள். முகாம் முடிவதற்குள் அவர்களில் இரண்டு பேர் கைநாட்டை விட்டுவிட்டுத் தங்கள் பெயரை எழுதினார்கள். மாதிரிக் கையெழுத்து அட்டையை மாற்றும் வேலை எனக்கு! அந்தப் பெண்ணுக்கு எந்தப் பேச்சாளரும் வகுப்பு எடுத்திருக்க மாட்டார்.

ஆகவே என் யோசனை இது. பேச்சாளருக்கான தொகையை மிச்சம் பிடிப்போம். ஆறு ஆறு பேராக அணி பிரிப்போம். தலைவரைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். நம் காவலர் வீட்டுப் பிள்ளைகளும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களின் பிள்ளைகளும் இப்போதைய பட்டியலில் இல்லை. சந்தா கட்டாதவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. 1909-லும் ஏதோ ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். மிச்சமாகும் தொகையில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இதற்குச் சம்மதம் உள்ளவர்கள் செயலாளரிடம் தெரிவியுங்கள்.

காரவள்ளி முதல் உணவுச் செலவும் கணக்கு நோட்டும் அணித் தலைவர்கள் கையில் இருக்கட்டும். கணக்கு இடித்தால் உட்கார்ந்து பார்க்க நான் இருக்கிறேன்.